எட்டுப் பிள்ளைகள் பெற்ற கர்தினால்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எனக்கு இரண்டு வேலை. பிற்பகல் மூன்று மணி ஷிப்டில் ஒரு தொழிற்சாலையில் கார்களின் பக்கக் கண்ணாடிகளுக்கு பிளாஸ்டிக் உறை பூட்டினேன். காலையில் வீட்டில் இருந்து செத்தவர்களின் வாழ்க்கையை எழுதினேன். முதல் வேலையால் கை வலித்தது. இரண்டாவதால் எங்கே வலித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எந்நேரமும் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்போம். முன் அட்டையில் படம், உள்ளே தேவாரங்கள், நடுவில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் உறவினர் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் இடம் இருக்கும். எல்லோரும் ஒரே ஊரில் இருந்த காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. சண்டை எங்களைத் திசைக்கொன்றாக எறிந்த பிறகு மூத்த மகன் (நோர்வே), இளைய மகள் (இலண்டன்) என்று போடவேண்டி வந்தது. என் அப்பா இறந்தபோது என் அகதி வழக்கு முடியாமல் இருந்ததால் நான் போகவில்லை. மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்த அவருடைய கல்வெட்டில் நான் ஒரு பெயராகவும் ஒரு அடைப்புக்குறியாகவும் இருந்தேன். அதைப் பார்த்து அழுகை வரவில்லை. எத்தனை எழுத்துப்பிழை என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்தத் தொழிலுக்கு நான் வந்தது அதற்குப் பிறகுதான்.

தொழில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என் கொம்பியூட்டரில் ஒரு கோப்பு இருந்தது. ஒருவருடையது முடிந்ததும் அதையே எடுத்து, பெயரை மாற்றி, ஊரை மாற்றி, படித்த பள்ளிக்கூடத்தை மாற்றி அடுத்தவருக்கு ஆக்கிவிடுவேன். என் கையால் போனவர்கள் எல்லோரும் சீரும் சிறப்புமாக வாழ்ந்தவர்கள். வீட்டுக்கு வந்தவர்களை இன்முகத்தோடு வரவேற்றவர்கள். ஆயுள் முழுக்க அயலவனோடு எல்லைச் சண்டை பிடித்த மனிதரும் நான் எழுதியபின் பண்பாளராகிப் போனார். மனைவிக்குக் காலை ஷிப்ட். நான் வெளிக்கிடும் நேரத்தில்தான் அவள் வருவாள். கதவடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இண்டைக்கு ஆரை மேல அனுப்பினியள்?" என்று கேட்பாள். அந்த வருடங்களில் கிழமை நாட்களில் நாங்கள் கதைத்ததெல்லாம் அந்தக் கதவடியில்தான்.

பனி கரையத் தொடங்கியிருந்த ஒரு காலையில் ஒருவர் வந்தார். எங்கள் நகரத்திலேயே வோபர்ன் பகுதியில் இருக்கிறேன் என்றார். என்னைவிட ஐந்தாறு வயது குறைந்தவர், ரக்சி ஓட்டுகிறவர், எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர். கூடவே பன்னிரண்டு வயது மகள். அன்று பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில் அவளோடு நிற்க ஆளும் இல்லை. பிள்ளை என் சாப்பாட்டு மேசையின் ஒரு கரையில் இருந்து கொப்பியை விரித்து வீட்டுப்பாடம் செய்யத் தொடங்கினாள்.

"மனுசி செத்து ஒரு வருசமாகப் போகுது, அண்ணை," என்றார் அவர். "ஆண்டுப் பூசை வைக்கிறன். வாற ஆக்களுக்குக் குடுக்க ஒரு புத்தகம் வேணும்."

நான் வழக்கம்போலக் கடதாசியை எடுத்து, அவருடைய மனைவி பிறந்த ஊரைக் கேட்டேன். அவர் ஜாக்கெட்டுக்குள் இருந்து மடித்த சில தாள்களை எடுத்து வைத்தார். ஆங்கிலத்தில் இருந்த ஏதோ புத்தகத்தின் போட்டோகொப்பி. பிரான்சு நாட்டில் பிரபுவாகப் பிறந்து, பிறகு கர்தினாலாக ஆன ஒருவரின் வாழ்க்கை.

"இதைத் தமிழில எழுதித் தாங்கோ. மனுசியின்ர படத்தைப் பின்னட்டையில சின்னனாப் போட்டால் காணும்."

"உங்கட மனுசியின்ர வரலாறு வேண்டாமோ?"

"அதில எழுத என்ன கிடக்கு, அண்ணை. ஊரில இருந்தா, இஞ்ச வந்தா, செத்துப்போனா."

கர்தினால் என்றால் யார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. பாப்பரசருக்கு அடுத்த படியில் இருப்பவர், சிவப்பு அங்கி போடுவார் என்று அவர்தான் விளங்கப்படுத்தினார். பிறகு, நான் கேட்காமலே, மனைவி இறந்த கதையைச் சொன்னார். இரவு முழுக்க ரக்சி ஓடிவிட்டு வந்து அவர் படுத்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். மனைவி உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்த லோண்டரி றூமுக்குப் போனா. மூளையில் நரம்பு வெடித்து அங்கேயே விழுந்துவிட்டா. வேறொரு வீட்டுக்காரி உடுப்புத் தோய்க்க வந்துதான் கண்டது.

"மிஷின் அப்பவும் சுத்திக்கொண்டுதான் இருந்ததாம்," என்றார். "இந்தக் கர்தினாலின்ர மனுசியும் அப்பிடித்தான். விருந்துக்குப் போக உடுத்துக்கொண்டு நிக்கேக்க உடுப்பில நெருப்புப் பத்திச் செத்தது. அதுக்குப் பிறகு இவர் எல்லாத்தையும் விட்டிட்டுச் சுவாமியாராப் போனவர். கோயில்ல பாதர்தான் எனக்கு இவரைப் பற்றிச் சொன்னவர்."

குரலைத் தாழ்த்தாமலே மிச்சத்தையும் சொன்னார். கியூபெக்கில் ஒரு துறவிகள் மடம். இரண்டு தரம் போய்த் தங்கியிருக்கிறார். அங்கே ஆப்பிள் தோட்டம் இருக்கிறது, அதிகம் பேசத் தேவையில்லை. முதலில் ஒரு வருடம் வந்து இருந்து பார்க்கட்டாம் என்று மடத்தில் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கு ஒரு ஒழுங்கு செய்துவிட்டு வரட்டாம். பக்கத்து ஊரான ஒஷாவாவில் இருக்கும் அவருடைய தமக்கை பிள்ளையை வைத்திருக்கச் சம்மதித்துவிட்டா. செப்டெம்பரில் பள்ளிக்கூடம் மாறுகிறது.

"இந்தப் புத்தகத்தைக் குடுத்தால் சனத்துக்கு விளங்கும். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கொண்டு நிக்கத் தேவையில்லை. எனக்குக் களைச்சுப் போச்சு, அண்ணை."

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் எதையோ அழித்து, அழிறப்பர்த் தூளை மேசையில் சிந்தாமல் உள்ளங்கையில் ஏந்திக் கொப்பிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வீட்டில் எப்படி இருக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த பிள்ளை.

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது. களைத்துப்போனால் திறந்துகொண்டு உள்ளே போக அந்த மனிதருக்கு ஒரு கதவு கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைத்ததெல்லாம் மூன்று மணி ஷிப்ட் என்று நினைத்தேன். ஆப்பிள் தோட்டமும் பேசத் தேவையில்லாத நாட்களும் எனக்கும் வேண்டியிருந்தன. புத்தகம் எத்தனை பிரதி வேண்டும் என்று மட்டும் கேட்டேன். இருநூறு என்றார்.

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு கிழமைக் காலைகள் அந்தப் பிரபுவோடு இருந்தேன். முதலில் ஒட்டவில்லை. பட்டம், மாளிகை, வம்சப் பெருமை எல்லாம் எங்கள் ஊர் நிர்வாகத்தைப் பார்த்த விதானையாரின் கல்வெட்டை எனக்கு நினைவுபடுத்தின. பிறகு, அவர் சிறுவனாக இருந்தபோது நாட்டில் புரட்சி வந்து குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு ஓடியதைப் படித்தேன். இந்த ஆளும் அகதியா என்று எழுந்துபோய் ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இருந்தேன். அவருக்கு நல்ல உடுப்பில் ஆசையாம். குருவான பிறகும் அங்கியின் பின்னல் வேலைப்பாட்டைப் பார்த்துப் பார்த்து உடுத்தியதால் ஆட்கள் பகிடி பண்ணினார்களாம். அது எனக்குப் பிடித்தது. பண்பாளர், பண்பாளர் என்று எழுதி அலுத்த கைக்கு, பகிடி பண்ணக்கூடிய ஒரு மனிதர் அகப்பட்டது ஆறுதலாக இருந்தது.

எரிச்சல் வந்த இடம் ஒன்று உண்டு. அவருடைய மனைவிக்கு அந்தத் தாள்களில் மொத்தம் இரண்டு வசனம். ஒன்றில் கலியாணம், மற்றதில் நெருப்பு. அடுத்த வசனத்தில் பிரபு குருமடத்துக்குப் போய்விடுகிறார். அந்தப் பெண் எப்படிச் சிரித்தாள், என்ன சாப்பிட்டாள், அன்றைக்கு எந்த விருந்துக்குப் போக உடுத்தினாள் என்று ஒரு சொல் கிடையாது. அவளுடைய சாவு அவருடைய கதைக்கு ஒரு வாசற்படி. எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன, நானும் நூறு மனைவிமாரை 'இல்லறத்தை நல்லறமாக்கிய துணைவி' என்ற ஒரே வசனத்தால் முடித்து அனுப்பியவன்தானே.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் வழக்கம்போலக் கடைசியாகச் செய்த கோப்பை எடுத்தேன். அது ரூஜ் பகுதியில் மகளோடு இருந்து காலமான ஒரு தபாலதிபருடையது. தேவாரங்களை அழித்தேன், படத்தை எடுத்தேன், உறவினர் பட்டியலை அழித்தேன், வரலாற்றை எடுத்துவிட்டு கர்தினாலின் வரலாற்றைப் போட்டேன். அன்று ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கடைசிப் பக்கத்தை நான் படிக்கவில்லை. அந்தப் பக்கத்தை நான் ஒருபோதும் படிப்பதில்லை, அதில் இருப்பது எனக்கு மனப்பாடம்.

பூசைக்கு முதல் நாள், சனிக்கிழமை, தகப்பனும் மகளும் புத்தகங்களை எடுக்க வந்தார்கள். அச்சகத்தில் இருந்து வந்த பெட்டி என் கதவடியில் இருந்தது. பிள்ளை காலையில் தமிழ் வகுப்புக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தாள்.

"ஒஷாவாவில தமிழ் வகுப்பு இருக்கோ தெரியாது, அங்கிள்," என்றாள். முறைப்பாடு போல இல்லை, ஒரு தகவலைப்போலச் சொன்னாள்.

என் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். பிள்ளை பெட்டியில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்பக்கத்தில் தாயின் படத்தைப் பார்த்தாள். பிறகு அதற்கு முந்திய பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். அதில் இருந்தது ஒரே ஒரு வசனம்.

"அன்னார்... எட்டுப் பிள்ளைகளையும்... பதினொரு பேரப்பிள்ளைகளையும்... மீளாத் துயரில் ஆழ்த்தி... சிவபதமடைந்தார்."

பெட்டியில் இருந்து இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். தபாலதிபரின் வசனம். இருநூறு பிரதியிலும். மனைவி எட்டிப் பார்த்து, "கர்தினாலையும் சிவனிட்ட அனுப்பிப்போட்டியளே," என்று சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் வெட்கத்தோடு சிரிப்பு வந்தது. தகப்பன் மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை சிரிக்கவில்லை. சிவபதம் என்ற சொல் அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது அதற்கு முன்னால் இருந்ததுதான்.

"அப்பா, ஹீ ஹாட் எயிட் கிட்ஸ்?"

அவள் தகப்பனின் பக்கம் திரும்பினாள்.

"அவர் சுவாமியாராப் போகேக்க அந்த எட்டுப் பேரும் எங்க போனவை? அவையளையும் மாமி வீட்டயா விட்டவர்?"

மனைவியின் சிரிப்பு நின்றது. அந்தப் பிள்ளையின் குரலில் கோபமோ அழுகையோ இல்லை. எட்டுப் பேரில் ஒருத்தி கிடைத்தால் பக்கத்தில் இருந்து ஒன்றிரண்டு விஷயம் கேட்கலாம் என்பதுபோலக் கேட்டாள்.

"இல்லையம்மா," என்றார் தகப்பன். "அவருக்குப் பிள்ளையள் இல்லை. உது அங்கிள் விட்ட பிழை."

"ஒருத்தரும் இல்லையா?"

"ஒருத்தரும் இல்லை."

"ஓ." அவள் புத்தகத்தை மூடினாள். "அப்ப அவர் போகலாம். தட்ஸ் ஓகே."

அச்சகம் திங்கட்கிழமைதான் திறக்கும். பூசை அடுத்த நாள் காலை. பிழையான வசனத்தின் மேல் சரியான வசனத்தைத் துண்டுக் கடதாசியில் ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்துகொண்டு, "என்ன போட?" என்று கேட்டேன். அவர் யன்னலைப் பார்த்தபடி யோசித்தார்.

"முதல்ல அந்த எட்டுப் பிள்ளையை எடுக்கவேணும். சனம் பிழையா நினைக்கும். இவருக்குப் பிள்ளைகள் இருக்கவில்லை எண்டு தெளிவாப் போடுங்கோ. பிறகு, இறைபதம் அடைந்தார்."

அப்படியே அடித்தேன். 'இவருக்குப் பிள்ளைகள் இருக்கவில்லை. அன்னார் இறைபதம் அடைந்தார்.' ஒரு தாளில் பத்து வசனம், இருபது தாள். மனைவி கத்தரிக்கோலால் வெட்டினாள். நான் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். பிள்ளை பசை பூசினாள். அவர் ஒட்டினார். துண்டு தலைகீழாகப் போகக்கூடாது என்பதால் ஒவ்வொன்றையும் அவர் வாசித்துப் பார்த்துத்தான் ஒட்டவேண்டி இருந்தது. உதடு அசைவது தெரிந்தது. இவருக்குப் பிள்ளைகள் இருக்கவில்லை. அடுத்தது. இவருக்குப் பிள்ளைகள் இருக்கவில்லை. முதலில் கை வேகமாக ஓடியது. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிள்ளை நல்ல கவனமான பிள்ளை, பசை வெளியே வராமல் நான்கு மூலைக்கும் தொட்டுத் தொட்டுப் பூசித் தகப்பனின் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அரைவாசி முடிந்திருக்கும். அவர் ஒரு துண்டை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு ஒட்டாமல் இருந்தார். பசை காய்ந்துவிடும் என்று பிள்ளை ஞாபகப்படுத்தினாள். அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கனநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டையின் கழுத்துப்பக்கம் நனைந்திருந்தது.

"மிச்சத்தை விடுங்கோ, அண்ணை."

"இன்னும் நிறையக் கிடக்கு அப்பா."

"தெரியும். போதும்."

பெட்டியை அவர் கொண்டுபோகவில்லை. மகளின் விரல்களில் இருந்த பசையைத் தன் லேஞ்சியால் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு இருவரும் வோபர்னில் இருந்த தங்கள் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த நாள் பூசை புத்தகம் இல்லாமலே நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். இருநூறு கர்தினால்களும் எங்கள் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். பாதிப்பேர் சிவபதத்திலும் பாதிப்பேர் இறைபதத்திலும். தடக்குப்படும் போதெல்லாம் மனைவி முணுமுணுத்தாள், ஆனாலும் எறியச் சொல்லவில்லை.

அவர் என்ன முடிவெடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்க உரிமையும் இல்லை. ஆனால் வேலைசெய்யும் இடத்தில் உறை பூட்டும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து முன்னால் நின்றது. அவையளையும் மாமி வீட்டயா விட்டவர்? பொறாமைப்பட்டதை நினைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கி ஒரு கிழமை இருக்கும். இருவரும் திரும்ப வந்தார்கள். அவர் மெலிந்திருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் மனைவியின் படம், இந்தமுறை பெரியது.

"இவவின்ர வரலாற்றை எழுதவேணும், அண்ணை. பிந்திப் போச்சுத்தான்."

நான் பழைய கோப்பைத் திறக்கவில்லை. வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தேன். அவர் மனைவியின் பிறந்த ஊரையும் பள்ளிக்கூடத்தையும் கலியாணம் முடித்த கோயிலையும் சொன்னார். அதோடு அவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மிச்சத்தைப் பிள்ளைதான் சொன்னாள். அம்மாவுக்கு எஸ்கலேட்டரில் ஏறப் பயம், எந்தக் கடையிலும் படியைத் தேடித் திரிவா. சாமான் கழுவும்போது பாட்டின் சொல்லை மறந்தால் வாயால் தாளம் போட்டுச் சமாளிப்பா. குளிர் ஜாக்கெட்டின் பைக்குள் எப்போதும் ஒரு தோடம்பழ இனிப்பு வைத்திருப்பா, பஸ்ஸில் அழுகிற யாருடைய பிள்ளைக்கோ கொடுக்க. தகப்பன் மகளையே பார்த்துக்கொண்டு இருந்தார். இவற்றில் பாதி அவருக்கும் தெரியாது என்று முகத்தில் எழுதியிருந்தது. நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். பண்பாளர் என்று எந்த இடத்திலும் போடவில்லை.

கடைசியில் உறவினர் பட்டியலுக்கு வந்தோம். கணவர், மகள். இரண்டு பெயர்தான். பேனாவை வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், அடைப்புக்குறியைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் என்ன கேட்கப்போகிறேன் என்பது எனக்கு உறைத்தது. ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

"உங்களுக்கு எந்த இடம் போட, தம்பி?"

பிள்ளை தலையைக் குனிந்து மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்தாள். அவர் களைத்த மனிதர். அந்தக் களைப்பு அன்றைக்கும் போய்விடவில்லை, அவர் இருந்த விதத்திலேயே தெரிந்தது.

"பிள்ளைக்கு வோபர்ன் எண்டு போடுங்கோ," என்றார். "எனக்கும் அதைத்தான் போடவேணும்."